அழுத்தம் சரி, நரம்பைப் பார்த்தார்களா?

குளுக்கோமாவுக்கு நாம் வைத்திருக்கும் தமிழ்ப் பெயர் ‘கண் அழுத்த நோய்’. சுவரொட்டிகளிலும் செய்திகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் இந்தப் பெயர்தான் புழங்குகிறது. சொல்ல எளிது, மனத்திலும் நிற்கும். ஆனாலும் இந்தப் பெயர் நமக்கு நன்மையைவிடக் கெடுதலையே அதிகம் செய்கிறது என்பது என் எண்ணம்.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டால் கண் அழுத்தமும் அதோடு அடங்கிவிடும் என்று நினைப்போர் உண்டு. இரண்டும் வேறு வேறு. சரி, ‘குளுக்கோமா’ என்றே சொல்வோம் என்றால், காதில் ‘குளுக்கோஸ்’ விழுந்து, அது சர்க்கரைக்காரர்களுக்கு வரும் நோய் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். குளுக்கோஸ், இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. குளுக்கோமாவோ நீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறத்தின் பெயரிலிருந்து வந்தது. பழங்காலத்தில் இதற்கும் கண்புரைக்கும் வேறுபாடு தெரியாமல் இரண்டையும் ஒன்றாகவே எண்ணியிருந்தார்கள்.

இவை சிறு குழப்பங்கள். பெரிய கெடுதல் வேறு. அந்தப் பெயர் ஒரு நோயை ஓர் எண்ணாக மாற்றிவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் தாடையைப் பலகையில் வைத்து உட்காருகிறோம். கருவி கண்ணில் ‘புஸ்’ என்று காற்றை ஊதுகிறது. “அழுத்தம் 15தான், பிரச்சினை இல்லை” என்கிறார்கள். குளுக்கோமா இல்லை என்று சான்றிதழ் கிடைத்துவிட்டதாக எண்ணி வீடு திரும்புகிறோம். அப்படி ஒரு சான்றிதழை அந்தக் காற்றால் தர முடியாது.

குளுக்கோமா என்பது பார்வை நரம்பு அழியும் நோய். விழித்திரையில் விழும் காட்சியை மூளைக்குக் கொண்டுசெல்ல ஒவ்வொரு கண்ணிலும் ஒரு மில்லியனுக்கும் அதிகமான நுண்ணிழைகள் உள்ளன. அவை கண்ணின் பின்புறம் ஒரு வட்டத்தில் கூடி, கயிறுபோல் திரண்டு வெளியேறுகின்றன. அந்த வட்டத்தின் நடுவில் எல்லோருக்கும் ஒரு சிறு குழி இருக்கும். இழைகள் மடிய மடியக் குழி அகலும், விளிம்பு மெலியும். மடிந்த இழை மீண்டும் முளைப்பதில்லை. கண்புரையை அகற்றிப் பார்வையைத் திரும்பப் பெறலாம். குளுக்கோமாவில் போனது போனதுதான். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றவே எல்லாச் சிகிச்சையும்.

அழுத்தம் எங்கே வருகிறது? கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் இடைவிடாமல் ஊறிக்கொண்டிருக்கிறது. நாம் அழும்போது வடியும் கண்ணீர் அல்ல இது. நிறத்திரைக்குப் பின்னால் சுரந்து, கண்மணியின் வழியாக முன்னே வந்து, ஐரிஸ் என்னும் நிறத்திரையும் கார்னியா என்னும் முன்படலமும் சேரும் கோணத்தில் உள்ள வடிகட்டி வலை வழியே வெளியேறுகிறது. நிமிடத்துக்கு இரண்டு மைக்ரோலிட்டர் அளவுதான். ஊறுவதும் வடிவதும் சமமாக இருந்தால் கண் தன் உருண்டை வடிவில் நிற்கும். வடிகால் மந்தமானால் உள்ளழுத்தம் ஏறும். அந்தச் சுமை பின்னால் இருக்கும் நரம்பின்மீது விழும்.

இயல்பான அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. இந்த 21 எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அதன்மீதுள்ள பக்தி குறைந்துவிடும். 21க்கு மேல் நரம்பு அழியும், கீழே அழியாது என்று யாரும் கண்டுபிடித்துச் சொன்ன எல்லை அல்ல அது. ஏராளமானவர்களின் கண்ணழுத்தத்தை அளந்து, சராசரியிலிருந்து மிகவும் விலகி மேல் ஓரத்தில் நிற்கும் சிலரைப் பிரிக்கப் புள்ளியியல் போட்ட கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நோயாளிகளும் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் நலமானவர்களும் இருக்கிறார்கள்.

ஜப்பானின் தஜிமி நகரில் நடந்து 2004ல் வெளியான ஆய்வு இதை வெளிச்சமாக்கியது. அங்கே திறந்த கோணக் குளுக்கோமா இருந்தவர்களில் 92 விழுக்காட்டினரின் அழுத்தம் 21 அல்லது அதற்குக் கீழே இருந்தது. காற்று ஊதும் கருவியை மட்டும் நம்பியிருந்தால் பத்தில் ஒன்பது பேர் “பிரச்சினை இல்லை” என்று அனுப்பப்பட்டிருப்பார்கள். இதை ‘இயல்பழுத்தக் குளுக்கோமா’ என்கிறார்கள். பெயரே ‘கண் அழுத்த நோய்’ என்பதைக் கேலி செய்கிறது. அந்த நரம்புக்கு 15 கூடத் தாங்க முடியாத சுமை, அவ்வளவுதான். அழுத்தத்தை மேலும் குறைப்பதே இதற்கும் சிகிச்சை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அழுத்தம் உயர்ந்திருந்தும் நரம்பு நலமாக உள்ளவர்களை அமெரிக்காவில் ஐந்தாண்டு பின்தொடர்ந்தார்கள். 2002ல் முடிவு வந்தது. மருந்து போடாதவர்களில் 9.5 விழுக்காட்டினருக்குக் குளுக்கோமா வந்தது, மருந்து போட்டவர்களில் 4.4 விழுக்காட்டினருக்கு. மருந்து அபாயத்தைப் பாதியாகக் குறைத்தது என்பது உண்மை. மருந்தே போடாத பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஐந்தாண்டில் ஒன்றும் ஆகவில்லை என்பதும் அதே அளவு உண்மை. அந்த ஆய்வில் இன்னொன்றும் தெளிவானது. கார்னியா மெலிந்தவர்களுக்கு அபாயம் கூடுதல். அதோடு, மெலிந்த கார்னியாவில் கருவி காட்டும் எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். லேசிக் சிகிச்சை கார்னியாவைச் செதுக்கி மெலிதாக்கும் சிகிச்சை. நம் ஊரில் இளவயதில் லேசிக் செய்துகொண்டவர்கள் ஏராளம். அவர்கள் ஐம்பது வயதில் கண்ணழுத்தம் பார்க்கப் போகும்போது அதை மறக்காமல் சொல்ல வேண்டும். அவர்களில் பலர் கிட்டப்பார்வை கூடியவர்கள், அதுவும் திறந்த கோணக் குளுக்கோமாவுக்கு ஓர் அபாயக் காரணி.

திறந்த கோணம் என்ற சொல் வந்துவிட்டது. குளுக்கோமாவின் வகைகள் பெரும்பாலும் அந்தக் கோணத்தை வைத்தே பிரிக்கப்படுகின்றன. கோணம் திறந்திருந்தும் வலை மந்தமாகிவிடுவது திறந்த கோணக் குளுக்கோமா. வலி இல்லை, சிவப்பு இல்லை, மெதுவாக, ஆண்டுக்கணக்கில் நடக்கும் களவு. இரண்டு கண்களும் ஒன்றின் குறையை மற்றொன்று மறைக்கும். மீதியை மூளை இட்டு நிரப்பும்.

இங்கே நம் விழிப்புணர்வுச் சுவரொட்டிகள்மீது எனக்கு ஒரு புகார் உண்டு. நடுவில் ஒரு குழந்தையின் முகம் தெளிவாக, சுற்றிலும் கருப்பு வளையம், குழாய் வழியே பார்ப்பதுபோல. ‘குளுக்கோமா வந்தால் இப்படித் தெரியும்’ என்று கீழே எழுத்து. லண்டனில் 2013ல் நோயாளிகளிடமே இத்தகைய படங்களைக் காட்டி, உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டார்கள். கருப்புக் குழாய்ப் படத்தை ஒருவரும் தேர்ந்தெடுக்கவில்லை. சில இடங்கள் மங்கலாக இருக்கின்றன என்றோ, சில பொருள்கள் காணாமல் போகின்றன என்றோதான் சொன்னார்கள். நான்கில் ஒருவர், எந்தக் குறையும் தெரியவில்லை என்றே சொன்னார். கருப்பு வளையத்துக்காகக் காத்திருப்பவருக்கு அது வரவே வராது. அவருக்கு வருவது படியில் கால் தவறுவது, பக்கவாட்டில் வந்த சைக்கிளைக் காணாமல் விடுவது. ‘வயசாச்சு’ என்று அதற்கு ஒரு காரணமும் கைவசம் இருக்கும்.

கோணமே குறுகி, ஐரிஸ் வடிகாலின் வாயை அடைத்துவிடுவது மூடிய கோணக் குளுக்கோமா. சிறிய கண்கள், தூரப்பார்வைக்காக வில்லைக்கண்ணாடி போட்டவர்கள், வயதான பெண்கள், சீன இனத்தவர் ஆகியோரிடம் இது கூடுதல். திடீரென்று முழுவதும் அடைத்துக்கொண்டால் அழுத்தம் 50, 60 என்று ஏறும். கண் சிவந்து, கடும் தலைவலியும் வாந்தியும் வரும், விளக்கைச் சுற்றி வானவில் வட்டம் தெரியும். வாந்தியைப் பார்த்துவிட்டு வயிற்றுக் கோளாறு என்று நினைத்து ஓர் இரவை வீணாக்குவது உண்டு. இது அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய நோய். சிங்கப்பூரில் 1990களில் 30 வயதைக் கடந்தோரிடம் எடுத்த கணக்கு, ஆண்டுக்கு 100,000 பேரில் 12.2 பேருக்கு இந்தத் திடீர் அடைப்பு வந்ததாகக் காட்டியது. உலகில் அதுவரை பதிவான மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. ஆனால் மூடிய கோணம் எல்லாருக்கும் இப்படிச் சத்தம் போட்டுக்கொண்டு வருவதில்லை. பெரும்பாலும் அதுவும் ஓசையின்றி, கொஞ்சம் கொஞ்சமாகவே மூடுகிறது.

சளி மாத்திரைப் பெட்டியில் ‘குளுக்கோமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்கவும்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்மணியை விரிக்கக்கூடிய அந்த மருந்துகள் குறுகிய கோணத்தை அடைத்துவிடலாம் என்பதால் போட்ட எச்சரிக்கை அது. வேடிக்கை என்னவென்றால், நோய் கண்டறியப்பட்டு லேசர் செய்துகொண்டவருக்கும் திறந்த கோணக்காரருக்கும் பொதுவாக அதனால் ஆபத்து இல்லை. யாருக்கு ஆபத்தோ, அவருக்குத் தன் கோணம் குறுகியது என்பதே தெரியாது, எச்சரிக்கை தனக்கல்ல என்று மாத்திரையை விழுங்கிவிடுவார். கோணத்தை எட்டிப் பார்க்கக் கோனியோஸ்கோப்பி என்று ஒரு சோதனை இருக்கிறது. கண்ணை மரத்துப்போகச் செய்து, சிறு கண்ணாடிகள் பதித்த ஒரு வில்லையைக் கண்மேல் வைத்துப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. எந்த வகைக் குளுக்கோமா என்பது அப்போதுதான் தெரியும்.

வகை தெரிவது ஏன் முக்கியம்? சிகிச்சையே மாறிவிடும். மூடிய கோணத்துக்கு ஐரிஸில் லேசரால் சிறு துளை போடுவது வழக்கம். வயது ஏற ஏறத் தடித்துக் கோணத்தை நெருக்கும் வில்லையையே எடுத்துவிட்டால் என்ன என்று 2016ல் வெளியான ஈகிள் ஆய்வு கேட்டது. சிங்கப்பூர், மலேசிய நோயாளிகளும் அதில் சேர்ந்திருந்தார்கள். 50 வயதைக் கடந்து, அழுத்தமும் ஏறியிருந்தவர்களுக்கு, கண்புரை இல்லாவிட்டாலும் வில்லையை மாற்றுவது லேசரைவிட நல்ல பலன் தந்தது. அதே அறுவை திறந்த கோணக்காரருக்குத் தீர்வாகாது. பக்கத்து வீட்டுக்காரர் ‘ஆபரேஷன் செஞ்சார், சரியாப்போச்சு’ என்பதைக் கேட்டுத் தன் சொட்டு மருந்தை நிறுத்துவோர் கவனிக்க வேண்டிய இடம் இது.

இந்தியர்களுக்கு எது அதிகம்? சிங்கப்பூரில் 40 வயதைக் கடந்த 3,400 இந்தியர்களிடம் நடந்து 2013ல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினருக்குக் குளுக்கோமா இருந்தது. அதில் மூடிய கோணம் மிகக் குறைவு, திறந்த கோணமே முதன்மை. அடுத்து நின்றவை வேறொன்றின் விளைவாக வரும் குளுக்கோமாக்கள். நம்மவர்கள் அதிகம் பேசாத, ஆனால் பேச வேண்டிய பகுதி அதுதான்.

நீரிழிவு விழித்திரையின் இரத்தக் குழாய்களைக் கெடுக்கும்போது, ஆக்சிஜன் போதாத கண் புதுக் குழாய்களை முளைக்கவிடுகிறது. அவை கோணத்துக்குள்ளும் படர்ந்து வடிகாலை அடைத்துவிடும். மருத்துவர்கள் மிகவும் அஞ்சும் வகைகளில் ஒன்று. ‘கண்புரை முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்’ என்பது நம் வீடுகளில் இன்னும் சாகாத பழைய பேச்சு. முற்றிப் பருத்த புரையும் கோணத்தை அடைக்கும், அதிலிருந்து கசியும் புரதமும் வலையை அடைக்கும். பந்து பட்ட கண்ணில் பல ஆண்டுகள் கழித்தும் வரலாம்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது ஸ்டீராய்டு சொட்டு மருந்தில்தான், ஏனென்றால் அது தவிர்க்கக்கூடியது. சில வாரங்கள் தொடர்ந்து போட்டால் மூன்றில் ஒருவருக்குக் கண்ணழுத்தம் ஓரளவு ஏறும். நூற்றில் ஐந்தாறு பேருக்குக் கடுமையாக ஏறும். நமக்கு ஏறுமா என்பது போட்டுப் பார்க்கும்வரை தெரியாது. சிங்கப்பூரில் மருத்துவர் சீட்டு இல்லாமல் இது கிடைக்காது. ஆனால் ஊருக்குப் போனபோது மருந்துக் கடையில் வாங்கிய புட்டி குளிர்பதனப் பெட்டியில் இருக்கும். பிள்ளைக்குக் கண் அரித்தால் இரண்டு சொட்டு, பத்து நிமிடத்தில் அரிப்பு போய்விடும், ‘நல்ல மருந்து’ என்று பெயரெடுக்கும். புட்டியில் டெக்சாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. கண்ணிமையைச் சுற்றிப் பூசும் களிம்பும், நீண்ட நாள் விழுங்கும் மாத்திரையும்கூட இதைச் செய்யும்.

பிறவிக் குளுக்கோமா அரிது. ஆனால் அதை நாம் அழகென்று தவறாகப் படிக்கும் வாய்ப்பு உண்டு. கைக்குழந்தையின் கண் சுவர் இளகியது, அழுத்தத்தில் கண்ணே பெரிதாகிவிடும். பழைய மருத்துவ நூல்களில் இதற்குக் கிரேக்க மொழியில் ‘எருதின் கண்’ என்று பெயர். பெரிய கண்ணோடு, வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் எப்போதும் கண்ணீர் வடிவதும் இருந்தால் மை தீட்டி ரசிக்காமல் அன்றே காட்ட வேண்டும்.

இத்தனை வகை இருக்கிறதே, எல்லாருக்கும் கட்டாயப் பரிசோதனை வைத்துவிட்டால் என்ன? கேட்க நன்றாக இருக்கும் யோசனை. நான் இதை ஆதரிக்கவில்லை. 2017ல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் விழித்திரைப் படங்களைப் படிக்கும் ஒரு கணினி முறையை வெளியிட்டார்கள். நீரிழிவுப் பாதிப்போடு குளுக்கோமா சந்தேகத்தையும் அது பிடிக்கும். குளுக்கோமா உள்ளவர்களில் 96.4 விழுக்காட்டைப் பிடித்தது, இல்லாதவர்களில் 87.2 விழுக்காட்டைச் சரியாக விடுவித்தது. அருமையான எண்கள். இப்போது கணக்குப் போடுவோம். நம் வயதுப் பிரிவில் 1,000 பேர், அதில் நோய் உள்ளவர் 20. கருவி 19 பேரைப் பிடிக்கும். நலமான 980 பேரில் 125 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். அழைக்கப்படும் எட்டுப் பேரில் ஒருவருக்கே நோய். மற்ற ஏழு பேரும் பயந்து, விடுப்பெடுத்து, நிபுணரின் வரிசையை நீளமாக்குவார்கள். உண்மையான நோயாளி அதே வரிசையின் கடைசியில் நிற்பார். அமெரிக்காவின் தடுப்புச் சேவைப் பணிக்குழு 2022ல், எல்லாப் பெரியவர்களையும் பரிசோதிக்கப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று போதாது என்றே சொன்னது.

அதே கருவியை நோயாளிகளின் உடன்பிறந்தோரிடம் கொண்டுசென்றால் கணக்கு தலைகீழாகும். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் ஆய்வில், திறந்த கோணக் குளுக்கோமா உள்ளவர்களின் உடன்பிறந்தோரில் 10.4 விழுக்காட்டினருக்கு அந்த நோய் இருந்தது. நோய் இல்லாதவர்களின் உடன்பிறந்தோரில் அது 0.7 விழுக்காடு. அப்படிப்பட்ட 1,000 பேரைச் சோதித்தால், அழைக்கப்படும் இருவரில் ஏறத்தாழ ஒருவருக்கு உண்மையிலேயே நோய் இருக்கும். மூடிய கோணத்திலும் இதே கதைதான். 2011ல் வெளியான சிங்கப்பூர் ஆய்வில், நோயாளிகளின் உடன்பிறந்தோரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கோணம் குறுகியிருந்தது.

ஆகவே என் கோரிக்கை சிறியது. குளுக்கோமா என்று உறுதியாகும் ஒவ்வொருவரிடமும் மருத்துவமனை “அண்ணன் தம்பி, அக்கா தங்கை எத்தனை பேர்?” என்று கேட்டு, அவர்களுக்கென ஒரு பரிந்துரைக் கடிதத்தையும் கையில் தர வேண்டும். நாற்பது வயதான பிள்ளைகளுக்கும் ஒன்று. அழைப்பைப் பெற்றவர் காற்று ஊதிக்கொண்டு திரும்பிவிடக் கூடாது. நரம்பைப் பார்த்தார்களா, கோணத்தைப் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும். தேவைப்பட்டால் நரம்பிழைகளின் தடிமனை அளக்கும் ஓசிடி படமும் பார்வைப் புலச் சோதனையும் எடுப்பார்கள்.

கண்டறிந்த பின் என்ன என்ற பயத்தில்தான் பலர் போவதில்லை. திறந்த கோணத்துக்கு இன்று சொட்டு மருந்தில்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. பிரிட்டனில் 2019ல் வெளியான ஆய்வில், முதலில் லேசர் செய்துகொண்டவர்களில் 74 விழுக்காட்டினர் மூன்றாண்டுக்குச் சொட்டு மருந்தே இல்லாமல் இருந்தார்கள். சொட்டு மருந்து என்றால், ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முன்பே சொல்ல வேண்டும், டிமோலால் அவர்களுக்கு ஆகாது. சிரசாசனம் செய்பவர்களும் சொல்ல வேண்டும். சென்னையில் 75 யோகப் பயிற்சியாளர்களிடம் அளந்தபோது, தலைகீழாக நின்ற நேரத்தில் கண்ணழுத்தம் இரு மடங்கானது. 2006ல் வெளியான ஆய்வு அது. யோகத்தை விட வேண்டாம், அந்த ஓர் ஆசனத்தை விட்டால் போதும்.

இதில் மருத்துவமனை செய்ய முடியாத பங்கு ஒன்று இருக்கிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நம் குடும்பங்களில் உணவு மேசைப் பேச்சு. கண் நோய் மட்டும் ரகசியம். வாகன உரிமம் போய்விடுமோ, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ, வரன் பார்க்கும் வீட்டில் தெரிந்துவிடுமோ என்று மூடிவைக்கிறோம். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனை தென்னிந்திய ஊர்களில் நடத்தி 2003ல் வெளியிட்ட ஆய்வில், திறந்த கோணக் குளுக்கோமா இருந்தவர்களில் 93 விழுக்காட்டினருக்கு அதுவரை அது தெரியாது. ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணாவது பார்வை இழந்திருந்தது. இங்கே மலாய் சமூகத்திடம் நடந்த ஆய்விலும் நோய் இருந்தவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவரே அதை அறிந்திருந்தார்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போடலாம். கிள்ளானில் இருக்கும் அக்காவுக்கும் தஞ்சாவூரில் இருக்கும் தம்பிக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். அதில் மூன்று விவரம் இருந்தால் மருத்துவருக்கு உதவும்: எந்த வயதில் தெரிந்தது, திறந்த கோணமா மூடிய கோணமா, ஸ்டீராய்டு அல்லது அடிபட்டதால் வந்ததா. வகை தெரியாதவர்கள் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.